மலிவு வீடு எங்கே இருக்கிறது?

சென்னையில் ஒரு ஃப்ளாட் 45 லட்சம் ரூபாய்க்குள்ளும் 60 சதுர மீட்டர் கார்பெட் ஏரியாவுக்குள்ளும் (வீட்டின் உள்ளே புழங்கும் தரைப்பரப்பு) இருந்தால் அது மலிவு வீடு. நான் சொல்லவில்லை, ஜிஎஸ்டி விதி சொல்கிறது. கட்டி முடிக்கும் முன்பே வாங்குகிறவருக்கு 1 சதவீத வரி, அந்த வரம்பைத் தாண்டினால் 5 சதவீதம். 2019 ஏப்ரலில் வந்த விதி இது. சரி, இந்த 45 லட்சம் யாருக்குக் கட்டுபடியாகும் என்று ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 9 லட்சம், கைப்பணம். மீதி 36 லட்சம் வங்கிக் கடன். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 31,200 ரூபாயைத் தாண்டுகிறது. பத்திரச் செலவு, பார்க்கிங், ஈபி டெபாசிட் எல்லாம் தனி.

இதன் பக்கத்தில் இன்னொரு அரசு விதியை வையுங்கள். பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவில் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை என்றால் பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவு, 3 முதல் 6 லட்சம் வரை என்றால் குறைந்த வருவாய்ப் பிரிவு. 3 லட்சம் என்பது மாதம் 25,000. இந்த இரண்டு பிரிவினருக்கும் வீட்டு விலை ஆண்டு வருமானத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் போகக் கூடாது, தவணையோ வாடகையோ வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2008இல் தீபக் பரேக் தலைமையிலான மத்திய அரசுக் குழு சொன்னது. அந்த அளவுகோலில் மாதம் 25,000 சம்பாதிக்கும் குடும்பத்துக்குத் தாங்குவது 12 லட்ச ரூபாய் வீடும் 7,500 ரூபாய் தவணையும். 31,200 ரூபாய் தவணை கட்ட மாத வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும். அரசின் ஒரு துறை ஏழை என்று கைகாட்டும் குடும்பத்துக்கும் இன்னொரு துறை மலிவு என்று கைகாட்டும் வீட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட நான்கு மடங்கு இடைவெளி.

12 லட்சத்துக்குச் சென்னையில் வீடே கிடைக்காதா என்றால், கிடைக்கும். எங்கே கிடைக்கும் என்பதுதான் விஷயம். கடந்த 25 வருடமாக இந்த நகரத்தில் ஏழைகளுக்கான வீட்டுக் கொள்கை முழுக்க எத்தனை வீடு, என்ன விலை என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வீடு எங்கே இருக்கிறது, அங்கே குடியிருக்க மாதாமாதம் எவ்வளவு ஆகிறது என்பதை யாரும் கணக்கில் ஏற்றுவதில்லை. என்னைக் கேட்டால் கோளாறின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

வீடு போதவில்லை, நிறையக் கட்டினால் விலை இறங்கிவிடும் என்பது வழக்கமாகக் கேட்கும் விளக்கம். பாதி உண்மை. 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு ஒன்று இந்திய நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று மதிப்பிட்டது. தலைப்புச் செய்தியில் இந்த எண்தான் வரும், அதைப் பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி புரியும். அதில் வீடே இல்லாதவர்கள் சுமார் 5.3 லட்சம் குடும்பங்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கோடிக் குடும்பங்கள் ஏதோ ஒரு வீட்டில் இருக்கிறார்கள், ஆனால் நெருக்கியடித்துக்கொண்டு. கல்யாணமான மகனும் மருமகளும் அதே ஒற்றை அறையில், அப்பா அம்மா வாசலில் பாய் விரித்து. பற்றாக்குறையில் 95 சதவீதம் மேலே சொன்ன இரண்டு வருவாய்ப் பிரிவுகளுக்குள் அடங்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், 2011 சென்சஸ் எடுத்தபோது இந்திய நகரங்களில் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகள் 1.1 கோடி. ஆக ஒரு பக்கம் நெரிசல், ஒரு பக்கம் பூட்டு. இந்த இரண்டு எண்களையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட முடியாது, ஏனென்றால் பூட்டிய வீடு இருக்கும் இடமும் விலையும் வேறு, நெரிசலில் இருப்பவருக்கு வேலை இருக்கும் இடம் வேறு.

சென்னையின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 1970இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் தொடங்கியது (2021இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது, ஜனங்கள் இன்னமும் ஹவுசிங் போர்டு என்றுதான் சொல்கிறார்கள்). அடுத்த வருடமே குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று முறையாக அறிவித்தால், அங்கே வசதி செய்து கொடுக்கும் பொறுப்பு அரசுக்கு வந்துவிடும், அங்கிருப்பவர்களுக்கும் சட்டத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் இப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17 சேர்ந்தன. அதோடு சரி. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒரு பகுதிகூடச் சேர்க்கப்படவில்லை. நகரம் வீங்கியது, ஆற்றங்கரைகளிலும் ரயில்பாதை ஓரங்களிலும் புதிய குடியிருப்புகள் வந்தன, 2011 சென்சஸில் சென்னை மக்கள்தொகையில் கால்வாசிக்கும் மேல் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள், பட்டியல் மட்டும் எண்பதுகளிலேயே நின்றுவிட்டது. பட்டியலில் பெயர் இல்லாத நகர் அதிகாரிகளின் பார்வையில் ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பு என்றால் அப்புறப்படுத்தலாம். ஏதோ சட்டத்தைத் திருத்தி உரிமையைப் பறித்தார்கள் என்றில்லை, இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்தாமல் விட்டாலே போதுமானதாக இருந்தது.

ஆரம்பத்தில் வாரியம் செய்தது ஒன்றும் மோசமில்லை. இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. வீடு சின்னது, கட்டுமானத் தரம் சுமார்தான், ஆனால் கடலுக்குப் போகிறவர் கடலோரத்திலேயே இருந்தார், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் மார்க்கெட் பக்கத்திலேயே இருந்தார்.

அப்புறம் 1977இல் உலக வங்கிக் கடனில் மெட்ராஸ் நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. இன்றைக்கு அதிகம் பேசப்படாத திட்டம், ஆனால் எனக்கு இதில் இருப்பதுதான் சுவாரஸ்யமான பகுதி. இரண்டு வேலை செய்தார்கள். ஒன்று, இருக்கிற குடிசைப் பகுதிகளில் தெரு, தண்ணீர், கழிப்பறை போட்டு, குடியிருப்பவர் பெயருக்கே நிலத்தைத் தவணையில் எழுதிக் கொடுப்பது. இரண்டு, அன்றைய நகர விளிம்பில் நிலம் எடுத்து, சாலையும் தண்ணீரும் சாக்கடையும் அமைத்த சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து விற்பது. வீட்டை அவரவர் கையில் காசு வரவரக் கட்டிக்கொள்ளலாம், முதலில் ஒரு அறை, மகளுக்குக் கல்யாணம் ஆனதும் ஒரு மாடி என்று. அதே லேஅவுட்டில் பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்றும் இந்த முறையின் முதல் சுற்று.

அந்தக் காலத்தில் இது தோல்வி என்றார்கள். மனைகள் நிரம்ப வருடக்கணக்கில் ஆனது, பணம் திரும்பி வருவது இழுத்தது, சிலர் விற்றுவிட்டுப் போனார்கள். தொண்ணூறுகளில் உலக வங்கியே இந்த மாதிரித் திட்டங்களிலிருந்து கையை எடுத்துவிட்டது. பிறகு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மும்பையிலும் சென்னையிலும் அந்த இடங்களுக்குத் திட்டங்கள் முடிந்து இருபது வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது: மனைகள் நிரம்பிவிட்டன, பல வருமானக்காரர்கள் கலந்து வாழ்கிறார்கள், மக்கள் தாங்களே மாடி எழுப்பி ஒரு போர்ஷனை வாடகைக்கும் விட்டிருக்கிறார்கள். அரும்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் ஊர்க்கோடி. இன்றைக்கு அங்கே ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது, கோயம்பேடு கூப்பிடு தூரம். சின்ன மனை வாங்கிய குடும்பங்களில் தாக்குப்பிடித்து நின்றவர்களுக்கு நகரத்தின் விலையேற்றத்தில் ஒரு பங்கு கிடைத்தது. ஏழைக்கு நிலமதிப்பில் பங்கு கிடைத்த அபூர்வமான சமயம் அது. விற்றுவிட்டுப் போனவர்களைக் காட்டித் திட்டத்தையே குறை சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி: அண்ணா நகரில் அரசிடம் மனை ஒதுக்கீடு வாங்கி விற்றுவிட்டுப் போனவரை யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா?

இந்த வழி ஏன் கைவிடப்பட்டது என்பதற்குப் பல காரணம் சொல்லலாம். நிலத்தின் விலை ஏறியது. மத்திய அரசின் மானியம் கட்டி முடித்த கான்கிரீட் வீடு ஒன்றுக்கு இவ்வளவு என்று வர ஆரம்பித்தது. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரங்களைச் சுத்தப்படுத்தும் திட்டங்கள் வந்தன. இவற்றோடு ஒன்றைச் சேர்ப்பேன்: வெறும் மனைக்கும் சாக்கடைக் குழாய்க்கும் திறப்பு விழா எடுப்பாய் இருக்காது, வரிசையாக நிற்கும் ஆயிரம் வீட்டுக்கு இருக்கும்.

2000 வாக்கில் கண்ணகி நகர் வந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், ஆரம்பத்தில் கட்டியவை பல 200 சதுர அடியைக்கூடத் தொடாதவை. பிறகு செம்மஞ்சேரி. பிறகு கண்ணகி நகரை ஒட்டியே எழில் நகர், இன்னும் தெற்கே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000 வீடுகளுக்கு மேல். கூவத்தின் கரையில், நகரத்தின் நடுவில் இருந்தவர்களை மொத்தம் மொத்தமாக லாரியில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், மற்றவர்கள் மீனவர்களும் அன்றாடக் கூலிகளும். 2019 டிசம்பரில் சென்ட்ரல் பக்கம் இருந்த சத்தியவாணி முத்து நகரை எடுத்தபோது பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது, அரையாண்டுப் பரீட்சை சமயம். அங்கிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்.

இந்த 25 கிலோமீட்டரை ஒரு குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஆறு மணிக்கு நடந்து போய் முதல் வீட்டை முடித்து, திரும்பி வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். பெரும்பாக்கத்திலிருந்து அதே காலை வேலைக்கு விடிவதற்குள் பஸ் ஏற வேண்டும், நடுவில் வீட்டுக்குத் திரும்புவது நடக்காது. மூன்று வீட்டில் ஒரு வீடு முதல் மாதத்திலேயே கைவிட்டுப் போகும், ஏனென்றால் நேரத்துக்கு வராத வேலைக்காரம்மாவை எந்த வீட்டிலும் ரொம்ப நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பஸ்ஸுக்குப் போக வர 50 ரூபாய் என்றால் 26 நாளைக்கு 1,300. வீட்டுக்காரர் சென்ட்ரல் பக்கம் லோடு இறக்குகிறவர் என்றால் அவருக்கு இன்னொரு 1,300, அல்லது வாரத்தில் பாதி நாள் வேலை இடத்திலேயே படுத்துவிட்டு வார விடுமுறைக்கு வீட்டுக்கு வருவார். லிஃப்ட் நின்றுபோன நாளில் ஏழாவது மாடிக்குத் தண்ணீர்க் குடம். இதோடு மெயின்டெனன்ஸ், கரண்ட் பில், முன்பு கட்டாத செலவுகள். வீட்டின் விலை கிட்டத்தட்ட இலவசம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. மாதக் கடைசியில் கையில் நிற்பது மட்டும் முன்பைவிடக் குறைவு.

இதனால்தான் 2021 மே மாதம் அரசு சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்ததை நான் போக்குவரத்துத் திட்டமாக மட்டும் பார்ப்பதில்லை. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அது வீட்டுத் திட்டமும்கூட. தூரத்தில் கொண்டுபோய் வைத்ததற்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் தண்டம் கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. அரசின் எந்த வீட்டுவசதிப் புள்ளிவிவரத்திலும் இது வராது.

காசுக் கணக்கில் ஏறாத சங்கதிகளும் உண்டு. முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள், கடன் தர மறுக்கிறார்கள் என்று அங்கிருக்கும் இளைஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஒரே வருமானத்தில், ஒரே மாதிரிக் கஷ்டத்தில் இருக்கும் லட்சம் பேரை ஒரே இடத்தில் அடைத்து வைத்தால் ஊர் அந்த இடத்துக்கு ஒரு பெயர் கட்டிவிடும். 2025 அக்டோபரில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகா கபடியில் தங்கம் வென்றபோது நாளிதழ்கள் அந்த நகரின் பெயரை முதல் பக்கத்தில் மரியாதையோடு போட்டன. அதற்கு ஒரு தங்கப் பதக்கம் தேவைப்பட்டது.

ஆற்றங்கரையிலிருந்து கிளப்பியதற்குச் சொன்ன முக்கியமான காரணம் வெள்ளம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த வாதம் வலுத்தது, அதில் நியாயமும் உண்டு, கூவத்தின் சரிவில் யாரும் தூங்கக் கூடாதுதான். ஆனால் கொண்டுபோய் வைத்த இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் சுற்றுவட்டாரம். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் 2015இலும் மூழ்கின, 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்றன. நீர்வழியில் கட்டுவது குற்றம் என்றால் பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன, அதை யாரும் அப்புறப்படுத்தப் போவதில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போது வெள்ளம் என்ற காரணத்தை இன்னும் மரியாதையோடு கேட்கலாம்.

இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டுவதிலும் பிரச்சினை இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் வாரியம் புதிதாகக் கட்டிய கட்டடத்தில் சுவரைக் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்தது. அதே வருடம் டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் பழைய வாரியக் குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் சரிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்பே வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள். இடித்துக் கட்டும் காலத்தில் வெளியே வாடகைக்குப் போக ஒரே தடவை கொடுக்கும் கருணைத்தொகை 8,000 ரூபாயாக இருந்து 24,000 ஆனது. கட்டுமானம் ஒன்றரை வருடம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய் வருகிறது. அந்த வாடகைக்குப் புளியந்தோப்பில் ஒரு போர்ஷன் தேடிப் பாருங்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கோபம் எழும்: வரி கட்டுகிறவன் நான், வீடு இலவசமாக அவர்களுக்கா? நியாயமான கேள்வி, பதிலைக் கணக்காகவே பார்ப்போம். குடிசை மாற்று வாரியம் தவிர இன்னொரு வாரியம் உண்டு, வீட்டு வசதி வாரியம், அது 1961இல் வந்தது. அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர், பெசன்ட் நகர் எல்லாம் அரசு நிலம் கையகப்படுத்தி, சாலை போட்டு, மனையாகவும் ஃப்ளாட்டாகவும் தவணைக்குக் கொடுத்து உருவாக்கியவை. சென்னையின் நடுத்தர வர்க்கம் சொந்த வீட்டுக்காரர்களாக ஆனதில் அந்த அரசு நிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு அந்த வீடுகள் கோடிகளில் போகின்றன. அதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை.

பழைய கதை வேண்டாம், இன்றைய கணக்குக்கு வருவோம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர், தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரிக்காரருக்கு இதில் மிச்சம், செஸ் சேர்த்து, வருடத்துக்கு 62,400 ரூபாய். ஐந்து வருடத்தில் 3,12,000. பிரதமர் திட்டத்தின் முதல் கட்டத்தில் அரசும் வாரியமும் கூட்டாகக் கட்டும் ஏழை வீட்டுக்கு மத்திய அரசு கொடுத்தது ஒரே ஒரு தடவை 1.5 லட்சம். அதே திட்டத்தில் 2017 முதல் சில வருடங்கள் ஆண்டுக்கு 18 லட்சம் சம்பாதிப்பவருக்கும் வட்டி மானியம் கிடைத்தது. ஒரு மானியம் லாரியில் ஏறி, டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறது. இன்னொன்று, சம்பளக்காரருக்குக் கம்பெனி தரும் வரிச் சான்றான ஃபார்ம் 16இல் ஒற்றை எண்ணாக வந்துவிட்டுப் போகிறது. எனக்கு வீட்டுக் கடன் வாங்குகிறவர் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை, யாருக்கு இலவசம் என்ற பேச்சை எடுப்பவர்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டட்டும் என்கிறேன்.

வாடகையைப் பற்றி நம் கொள்கைகள் பேசுவது மிகக் குறைவு. இந்திய நகரங்களில் வாடகை வீடுகளின் பங்கு 1961இல் 54 சதவீதம், 2011இல் 28 சதவீதம் என்று 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சொன்னது. நகரத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு முதலில் தேவை வாடகை வீடு, ஆனால் திட்டம் எல்லாம் சொந்த வீட்டுக்கு. தமிழ்நாட்டில் 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் புதுச் சட்டம் இயற்றினார்கள், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கும், கூடவே ‘வேறு ஒப்பந்தம் இருந்தால் ஒழிய’ என்ற விதிவிலக்கும் இருக்கிறது. சென்னையில் வழக்கம் பத்து மாத அட்வான்ஸ். 8,000 ரூபாய் போர்ஷனுக்கு 80,000. அது மூன்று மாதமாக இருந்தால் 24,000. மாதம் 25,000 வருமானக்காரருக்கு இந்த 56,000 வித்தியாசம் கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். அதையும் புரட்டிக்கொண்டு போனால் ‘சைவம் மட்டும்’ என்ற போர்டு, அல்லது பெயரைக் கேட்டதும் வீடு நேற்றே முடிந்துவிட்டது என்ற பதில். வாடகைச் சந்தையில் சாதியும் மதமும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது வீடு தேடிய எல்லோருக்கும் தெரியும், அந்த வாடகைச் சட்டத்தில்தான் அதைப் பற்றி ஒரு வாசகம் இல்லை.

வேலைக்குப் பக்கத்தில் வீடு என்பது நடக்காத காரியம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் ஐபோன் அசெம்பிள் செய்யும் ஃபாக்ஸ்கான் கம்பெனியின் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டியது, செலவு 706.50 கோடி ரூபாய். ஃபேக்டரிக்கு ஆள் நேரத்துக்கு வர வேண்டும், அதனால் தங்குமிடம் பக்கத்தில் வேண்டும் என்பதில் அரசுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஐபோன் அசெம்பிள் செய்ய நேரத்துக்கு ஆள் வேண்டும் என்றால், காசிமேட்டில் மீன் இறக்கவும் மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்கவும் ராஜீவ் காந்தி மருத்துவமனையில் தரை துடைக்கவும் நேரத்துக்கு ஆள் வேண்டும்தானே? அவர்களுக்கு ஒற்றை முதலாளி இல்லை, பேரம் பேச ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நகரத்துக்குள்ளேயே இடம் பிடிக்க ஒரு விதி ஏற்கனவே வந்திருக்கிறது. 2008இல் வந்த இரண்டாம் மாஸ்டர் பிளானின் (சென்னை எப்படி வளர வேண்டும் என்ற அரசுத் திட்டம்) வளர்ச்சி விதிகளில், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் அடுக்குமாடி கட்டுகிறவர் 10 சதவீத இடத்தைக் குறைந்த வருவாய்க்காரர்களுக்கு ஒதுக்கி, 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகள் கட்டித்தர வேண்டும் என்று இருந்தது. அதே மனையில் முடியாவிட்டால் 2 கிலோமீட்டருக்குள். அந்த 2 கிலோமீட்டர்தான் விதியின் உயிர். பெரிய டவுன்ஷிப் எழும்பும் இடத்திலேயே சின்ன வீடும் எழும்பும், அரும்பாக்கத்தில் நடந்த மாதிரி. ஆனால் 45 சதுர மீட்டர் ஃப்ளாட் கட்டினால் போதும், அதை யார் வாங்குகிறார் என்பதைக் கறாராகச் சரிபார்க்காவிட்டால், அடுத்த பிளாக்கில் இருப்பவரே முதலீட்டுக்கு வாங்கிப் போட்டுவிடுவார். விலைக்கும் வாங்குபவரின் வருமானத்துக்கும் கட்டுப்பாடு இல்லாத அளவு விதி, சின்ன ஃப்ளாட்டைக் கொடுக்குமே தவிர மலிவு ஃப்ளாட்டைக் கொடுக்காது.

இப்போது மூன்றாம் மாஸ்டர் பிளான் தயாராகிக்கொண்டிருக்கிறது. இடையில் 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904க்கு விரிந்தது. அரக்கோணம் பக்கம் வரை போகிறது. அதன்படி இனி அரக்கோணம் ஓரத்தில் கட்டும் வீடும் சென்னைப் பெருநகரில் கட்டிய வீடுதான், வருட அறிக்கையில் அப்படித்தான் ஏறும். 2021இல் வெளியிட்ட மறுகுடியமர்வு வரைவுக் கொள்கையைப் பற்றிய பேச்சிலும் பழைய இடத்துக்குப் பக்கத்தில் என்ற சொல் அடிபட்டது, அடுத்த வருடமே 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரை இடித்தபோது எதிர்ப்புத் தெரிவித்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். மூன்றாம் பிளானின் வரைவு வந்ததும் எத்தனை லட்சம் வீடு என்ற பக்கத்தைத்தான் எல்லோரும் முதலில் புரட்டுவார்கள். நான் தேடப்போவது மூன்று விஷயம்: அந்த 2 கிலோமீட்டர் இருக்கிறதா அல்லது காசு கட்டிவிட்டுத் தப்பிக்கலாம் என்று ஆகிவிட்டதா, 1985க்குப் பிறகு விட்டுப்போன பகுதிகளைப் பட்டியலில் சேர்க்கும் பேச்சு ஏதாவது உண்டா, மெட்ரோ நிலையங்களை ஒட்டி அதிகமாகக் கட்டிக்கொள்ள அனுமதி கொடுக்கும் தளப்பரப்பில் மாதம் 25,000 வருமானக்காரருக்கு எத்தனை சதவீதம்.